பெர்ச் மீனை அடையாளம் காண: அடித்துடுப்பு முள்ளை எண்ணுங்கள்

பெர்ச் என்ற பெயரோடு சுற்றும் மீன்கள் ஏராளம். நைல் பெர்ச், வெள்ளை பெர்ச், கடல் பெர்ச் என்று போய்க்கொண்டே இருக்கும், நம் பனையேறிக் கெண்டையைக்கூட ஆங்கிலத்தில் ஏறும் பெர்ச் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அசல் பெர்ச் என்பது பெர்க்கா என்ற பேரினத்து நன்னீர் மீன், அதில் இருப்பவை மூன்றே மூன்று இனங்கள். மற்றவை ஒன்று அதன் சொந்தங்கள், இல்லையென்றால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டவை. பிரித்துப் பார்க்க நிறத்தை நம்பாதீர்கள். தெளிந்த நீரில் வளர்ந்த மீன் கருத்திருக்கும், கலங்கிய நீரில் வளர்ந்தது வெளிறிக் கிடக்கும், செத்துப்போனால் உடம்பிலிருக்கும் பட்டைகளும் மங்கிவிடும். முள் மட்டும் மங்காது, மாறாது.

உயிருள்ள மீனென்றால் முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை பட்டால் அதன் வழவழப்புப் படலம் உரிந்துபோகும். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முதுகு முட்களைப் படியவைத்துப் பிடிக்க வேண்டும். இதைவிட முக்கியம், செவுள் மூடியின் பின் நுனியில் தட்டையாக ஒரு கூர்முள் இருக்கிறது, வெளியே அவ்வளவாகத் தெரியாது, முதுகு முள்ளுக்குப் பயந்து கவனமாக இருப்பவர்கள்கூட இதில்தான் விரலைக் கிழித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் எலும்பின் ஓரமும் ரம்பப் பல் போலத்தான் இருக்கும்.

சரி, துடுப்புக்கு வருவோம். முதுகில் இரண்டு துடுப்புகள் தனித்தனியாக நிற்கும். முன்னது முழுக்க முள், ஐரோப்பிய பெர்ச்சில் 13 முதல் 17 வரை இருக்கும். பின்னதில் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முள், மீதியெல்லாம் வளையும் மென்கதிர்கள். இப்போது மீனைப் புரட்டி, ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கும் அடித்துடுப்பைப் பாருங்கள். என்னைக் கேட்டால் மொத்த மீனிலும் இதைவிட நம்பகமான இடம் கிடையாது. பெர்ச் குடும்பத்தில் இங்கே ஒன்று அல்லது இரண்டு முள்தான், பெர்க்காவில் இரண்டு. மூன்று இருந்தால் அது வேறு குடும்பம். முதல் முள் சில மீன்களில் ரொம்பக் குட்டையாக, தோலுக்குள் புதைந்த மாதிரி இருக்கும், அதனால் கண்ணால் மட்டும் எண்ணாமல் நகத்தால் நெருடிப் பார்த்து எண்ணுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கெண்டை மீனில் இடுப்புத் துடுப்பு வயிற்றுப் பக்கம் இருக்கும், பெர்ச்சிலோ அது முன்னால் நகர்ந்து மார்புத் துடுப்புக்குக் கீழேயே வந்துவிடும். செதில் கரடுமுரடு. வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் உப்புத்தாள் மாதிரி உரசும், ஒவ்வொரு செதிலின் பின் ஓரத்திலும் சீப்புப் பல் போன்ற நுண்முட்கள் இருப்பதுதான் காரணம்.

வயிற்றைத் திறந்தால் இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் மூன்று சிறு விரல்கள் போலப் பைகள் தொங்கும். பெண் மீனில் சினைப்பை ஒன்றுதான். முட்டையையும் தனித்தனியாக உதிர்க்காது, கூழ் போன்ற நீண்ட நாடாவாக நீர்ச்செடிகளின்மேல் சுற்றிவிட்டுப் போகும், பெரிய மீனின் நாடா ஒரு மீட்டரைத் தாண்டும். காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் கிடையாது, ஆழத்திலிருந்து மேலே இழுத்தால் காற்றை வெளியேற்ற வழியில்லாமல் பை உப்பி, சில சமயம் இரைப்பையே வாய்வழியாகப் பிதுங்கிவிடும். திருப்பி விடுகிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து ஆழத்தில் பெர்ச் பிடிக்காதீர்கள்.

மூன்று இனங்களில் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட ஐரோப்பிய பெர்ச் சுலபம்: முன் முதுகுத்துடுப்பின் பின்கோடியில் கரும்புள்ளி, கீழ்த்துடுப்புகள் சிவப்பு. ஆஸ்திரேலியாவில் கொண்டுபோய் விட்ட இதே மீனுக்கு அங்கே ரெட்ஃபின் என்று பெயர். வட அமெரிக்காவின் மஞ்சள் பெர்ச் கொஞ்சம் சிறியது, மஞ்சள் உடம்பில் 6 முதல் 8 பட்டைகள். மூன்றாவது கசகஸ்தானின் பல்காஷ் ஏரிப் பக்கத்து மீன், வளர்ந்தபின் பட்டைகள் அநேகமாகத் தெரியாது.

சொந்தங்களில் சாண்டர், வால்லை (walleye) என்ற இரண்டு மீன்களும் நீளமானவை, வாயில் கோரைப்பல் இருக்கும், பெர்ச்சுக்கு அது கிடையாது, பொடிப்பற்கள்தான். ரஃப் என்ற சிறு மீனில் இரண்டு முதுகுத்துடுப்புகளும் ஒட்டி ஒன்றாகியிருக்கும்.

பெயர் மட்டும் பெர்ச் ஆனவற்றை அடித்துடுப்பே காட்டிக்கொடுத்துவிடும். நைல் பெர்ச்சில் மூன்று முள், அது கொடுவாவின் பேரினம், இரண்டு மீட்டர் வரை வளரும். வெள்ளை பெர்ச்சிலும், கடல் பெர்ச் என்று விற்கும் செபாஸ்டெஸ் பேரினத்து மீன்களிலும் மூன்றுதான். பனையேறியில் எட்டுக்குக் குறையாது.

கடைசியாக, மீனின் வயதையும் தெரிந்துகொள்ளலாம். தலையைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டால் செவுள் மூடி எலும்பு கழன்று வரும், தோலைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் விசிறி மாதிரி வளையங்கள் தெரியும். குளிர்காலத்தில் வளர்ச்சி அநேகமாக நின்றுபோவதால் ஒவ்வொரு குளிருக்கும் மெல்லிய கோடு ஒன்று விழும், அதைத்தான் எண்ண வேண்டும். எலும்பு மூட்டுப் பக்கம் தடித்திருப்பதால் முதல் வருடக் கோடு அங்கே மறைந்துபோகலாம், அந்த இடத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள்.