எகிப்துக் கல்லறைச் சுவரில் அப்பா அம்மாவை அடையாளம் காண்பது

படையல் குவிந்த மேசைக்கு முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே ஒருவர் நின்று தண்ணீர் ஊற்றுவார். பழைய எகிப்துக் கல்லறைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. பார்த்தவுடன் ஏதோ இளம் ஜோடிக்கு விருந்து என்று தோன்றும். பல இடங்களில் அது இறந்துபோன பெற்றோருக்குப் பிள்ளை செய்யும் கடமை.

முகத்தை வைத்து வயதைக் கணக்குப் போடாதீர்கள். மறுமையில் கூன் விழுந்த உடம்போடு வாழ யாருக்கு ஆசை? அதனால் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே வயதுக்காரர்கள் போலத்தான் இருப்பார்கள். விதிவிலக்கும் உண்டு. அரசர்களின் கல்லறைகளை உருவாக்கிய தொழிலாளர்கள் வாழ்ந்த தேர் எல்-மதீனா என்ற ஊரில், பஷேது என்பவரின் கல்லறையில் வரிசையாக இருக்கும் உறவினர்களில் சிலருக்கு வெள்ளைத் தலை, சிலருக்கு நரை கலந்த தலை, மற்றவர்களுக்குக் கருப்பு முடி.

பெண்ணின் பக்கத்தில் 'சகோதரி' என்று எழுதியிருந்தால் பதறவும் வேண்டாம். 18ஆம் அரச வம்சக் காலத்தில் (சுமார் கி.மு. 1550–1290) மனைவியை அப்படிச் சொல்வது சகஜம்.

சிறுத்தைத் தோல் போர்த்தியவரெல்லாம் பெற்ற மகன் என்பது அடுத்த தப்பு. அது சடங்கு செய்பவரின் உடை. மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் அதைப் போர்த்திக்கொண்டு, இறந்தவர் மறுமையில் மூச்சுவிடவும் உண்ணவும் செய்வதற்கான 'வாய் திறக்கும்' சடங்கைச் செய்யும் ஆய் என்பவர், மகனே அல்ல. அடுத்து அரியணை ஏறிய முதியவர். இறுதிச் சடங்கைச் செய்தவர் வாரிசு என்ற கணக்கு அதில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தை விட்டுவிடுவது. 'அவர் பெயரை வாழவைக்கும் மகன்' என்ற தொடர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும். பெயர் அழிந்தால் ஆளும் அழிந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. எல் காப் என்ற ஊரில் படைவீரர் அஹ்மோஸின் கல்லறை வேலையை மேற்பார்த்தவர் மகள் வயிற்றுப் பேரன் பஹேரி. அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயரை வாழவைப்பதாக அங்கேயே எழுதியும் வைத்தார்.

அப்புறம், இதெல்லாம் வெறும் பயபக்தி என்று நினைத்துவிடாதீர்கள். காவ் என்ற ஊரில் கிடைத்த ஒரு மண்கிண்ணத்தில் ஷெப்சி என்பவர் இறந்த தாய்க்கும் தந்தைக்கும் கடிதம் எழுதியிருக்கிறார். அம்மாவிடம் உரிமையோடு பழைய கணக்கை எடுக்கிறார்: காடை வேண்டும் என்றாயே, ஏழு காடை கொண்டுவந்தேன், நீயும் சாப்பிட்டாய்; இப்போது உன் கண் முன்னாலேயே எனக்கு அநியாயம் நடக்கலாமா?