ட்ரெய்லரை முகாமில் விட்டுவிட்டு பார் ஹார்பரில் ஒரு கோடை நாள்: எப்படித் திட்டமிடுவது?

ஓய்வு பெற்றபின் காருக்குப் பின்னால் வீடு போன்ற ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றுகிற தம்பதிகள் பலர், ஒரே நாளில் ஏழெட்டு இடங்களைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். மாலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு நடை, ஒரு நல்ல சாப்பாடு, அது போதும் என்பது என் கட்சி. மெய்ன் மாநிலத்தின் அகாடியா தேசியப் பூங்காவில் நானும் என் கணவரும் அப்படித்தான் செய்கிறோம். முகாமில் இடம் பிடிப்பது, ட்ரெய்லரை நிறுத்தி மட்டம் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. முதலில் கடலின் நேரத்தைப் பாருங்கள்

பூங்காவை ஒட்டிய பார் ஹார்பர் ஊருக்கு எதிரே பார் தீவு இருக்கிறது. கடல் வற்றும்போது ஊருக்கும் தீவுக்கும் நடுவே ஒரு சரளைக் கல் திட்டு வெளியே வரும். அதன் மேல் நடந்தே போய்விடலாம். ஏற்றத்தின்போது அதே இடம் முழுகிவிடும். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 10 முதல் 12 அடி வித்தியாசம்.

கணக்கு இதுதான்: நீர் மிகவும் வற்றியிருக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னும் ஒன்றரை மணி பின்னும் பாதை திறந்திருக்கும். காலை 11 மணிக்கு வற்றம் என்றால் 9.30 முதல் 12.30 வரை. 9.30-க்கே இறங்கிவிடுங்கள், 11.30-க்கு மேல் தீவில் இருக்க வேண்டாம். வற்றம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் நேற்றைய நேரத்தை நம்பி இன்று போகக் கூடாது. மாட்டிக்கொண்டால் பாதை மறுபடி திறக்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எனக்குப் பிடிபட வெகுநேரம் ஆன இடம் கடலின் ஏற்ற வற்ற அட்டவணையின் தலைப்பு. சில அட்டவணைகள் கோடைக்கால நேரத்தில் (கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பது) இருக்கும், சில வழக்கமான நேரத்தில் இருக்கும். இரண்டாவது வகையில் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் இணையதளத்தில் நேர வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி உண்டு, அதை ஒருமுறை சரிபாருங்கள். செயலிகளைவிட எனக்கு அந்தத் தளம்தான் பிடிக்கும். வற்றம் காலை 9.30-க்கும் 12-க்கும் நடுவே வரும் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

2. ட்ரெய்லரைப் பூட்டுவதற்கு முன்

வெளிக்கூரைத் துணியைச் சுருட்டிவிடுங்கள், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. பிற்பகல் காற்று கம்பியை வளைத்துவிடும். தண்ணீர் மோட்டாரை அணையுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் பிளாக்வுட்ஸ் முகாமில் மின் இணைப்பு கிடையாது, ஃபிரிட்ஜ் எரிவாயுவில் ஓட வேண்டும். ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்த பிறகே கதவைப் பூட்டுங்கள்.

3. காரையும் விட்டுவிடுங்கள்

ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர் பேருந்து இலவசம். 1999 முதல் ஓடுகிறது. முகாமிலேயே ஏறிக்கொண்டு ஊர் நடுவில் இருக்கும் புல்வெளித் திடலில் இறங்கலாம். கோடையில் பார் ஹார்பரில் வாகனம் நிறுத்த இடம் தேடுவது பெரும் பாடு. திட்டின் மேலேயே நிறுத்திவிட்டுப் போன கார்கள் கடலில் முழுகிய கதைகளை ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

4. நடை

பிரிட்ஜ் தெரு முடியும் இடத்தில் இறங்குங்கள். திட்டின் நடுப்பகுதி கெட்டியான சரளை, கைத்தடி ஊன்றி நடக்கலாம். ஓரமாகப் போனால் கடற்பாசி வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கால் வைக்கும் இடமெல்லாம் கறுப்பு மட்டிகளும் குட்டி நத்தைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். குனிந்து பார்த்தால் நத்தை மெல்ல நகர்வது தெரியும். தீவுக்குள் காட்டுப்பாதை லேசான ஏற்றம்தான். உச்சியில் ஊரும் படகுகளும் பின்னால் மலைகளும் தெரியும். நாங்கள் கட்டிக்கொண்டு போன புளியோதரையை அங்கேயே சாப்பிட்டோம். இலை, காகிதம் எதையும் விட்டுவிடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

5. பிற்பகல்

திடலிலிருந்து ஜோர்டன் பாண்ட் ஏரிக்குப் போகும் பேருந்தைப் பிடியுங்கள். அங்கே உணவகத்தில் பாப்ஓவர் என்று உப்பிய, உள்ளே வெற்றிடமான ரொட்டி தருவார்கள். சூடாகப் பிய்த்து வெண்ணெயும் ஸ்ட்ராபெரி ஜாமும் வைத்துச் சாப்பிட வேண்டும். நூறாண்டுக்கும் மேலாக அங்கே இது வழக்கம். முன்பதிவு செய்யாவிட்டால் காத்திருக்க நேரும். ஏரியைச் சுற்றி வர 3 மைலுக்குக் கொஞ்சம் அதிகம். முழுவதும் சுற்றாதீர்கள், மேற்குக் கரையில் பலகைப் பாதை ஒடுக்கமானது. கிழக்குக் கரையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாலே இதமாக இருக்கும்.

பின்சேர்க்கை: பூங்காவில் இருக்கும் காடிலாக் மலைக்கு இந்தப் பேருந்தில் போக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. காரில் போகலாம், ஆனால் மலைச்சாலைக்குத் தனி முன்பதிவு தேவை. ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு பூங்காவின் சுற்றுச்சாலைக்குள் நுழையவே வேண்டாம். சில கல் வளைவுப் பாலங்கள் 12 அடி உயரம்கூட இல்லை.

இன்னொன்று: 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் 80 டாலரில் தேசியப் பூங்கா நுழைவுக்கான வாழ்நாள் மூத்தோர் அட்டை உண்டு. பிளாக்வுட்ஸில் அதைக் காட்டினால் முகாம் கட்டணமும் பாதிதான், முன்பதிவு செய்யும்போதே அட்டை எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.