முதல் கோடையில் தோட்டம்: புதிதாக வந்தவர்களுக்கு

மே மாதம் பிறந்ததும் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதித் தமிழ்க் கடை வாசல்களில் நாற்றுத் தட்டுகள் வந்துவிடும். கத்தரி, மிளகாய், தக்காளி, பயற்றை, பாகல் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மாதக்கணக்காகப் பனியையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்தப் பச்சை போதும், கை தானாக நீளும். வாங்குங்கள். ஆனால் நிலத்தில் நட அவசரப்படாதீர்கள். ரொறன்ரோவில் மே நடுப்பகுதி வரைக்கும் இரவில் உறைபனி விழக்கூடும். பகலில் 18 பாகை வெயில் அடிக்கும், இரவில் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். வந்த முதல் வருடம் இதை அறியாமல் மே முதற் கிழமையில் பன்னிரண்டு தக்காளி நட்டேன். ஐந்தாம் நாள் காலையில் இலைகளெல்லாம் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின. ஒன்றும் தப்பவில்லை.

இங்குள்ள பழைய ஆட்கள் விக்டோரியா தினத்தைக் கணக்காக வைத்திருக்கிறார்கள். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. அதற்குப் பிறகும் கத்தரி, வெண்டி, புடல், பாகல் ஆகியவற்றை, இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். குளிர்ந்த மண்ணில் வைத்த கத்தரி சாகாது. வளராமல் அப்படியே நிற்கும். இரண்டு கிழமை பிந்தி நட்ட செடி அதைத் தாண்டிப் போவதை என் பாத்தியிலேயே கண்டிருக்கிறேன்.

ஊரில் மழைதான் எங்களுக்கு நாட்காட்டி. தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் தேடி விதைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் புரட்டாதி, ஐப்பசி மழையைப் பார்த்துக் கொத்துவோம். இங்கே கணக்கு இரண்டு பனிகளுக்கு இடைப்பட்ட நாட்கள்தான்: கடைசி உறைபனி மே நடுவில், முதல் உறைபனி ஒக்டோபரில். முழுதாக ஐந்து மாதம் சொல்ல முடியாது. விதையிலிருந்து தொடங்கினால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் அது போதாது. ஆகவே மிளகாய் விதையை மார்ச் தொடக்கத்திலும், கத்தரி, தக்காளி விதையை மார்ச் கடைசியிலும் வீட்டுக்குள் யன்னலோரம் போடுங்கள். பாகலும் புடலும் ஏப்ரல் கடைசியில் போட்டால் போதும். அந்த விதைகளின் தோல் தடிப்பு. ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, வீட்டில் சூடான இடமொன்றில் வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் மண்ணில் வைக்கலாம்.

வீட்டுக்குள் வளர்ந்த நாற்று வெயிலையும் காற்றையும் அறியாது. நேரே கொண்டுபோய் நட்டால் இரண்டே நாளில் இலை வெளிறிக் கடதாசி மாதிரி ஆகிவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு, பிறகு காலை வெயில் என்று ஏழு முதல் பத்து நாள் பழக்க வேண்டும். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தொல்லைதான், ஆனால் இதைத் தவிர்க்க வழியில்லை.

எதை நடுவது என்பதில் எனக்கு நீண்ட காலம் விளங்காமலிருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த அவரை விதையை வேலியோரம் போட்டேன். யூலையில் கொடி வேலியை மூடியது, ஒவ்வோர் இலையும் உள்ளங்கை அகலம். பார்த்தவர்களெல்லாம் வாய் நிறையப் புகழ்ந்தார்கள். ஓகஸ்ட் முடிந்தும் ஒரு பூ இல்லை. செப்டெம்பர் கடைசியில் ஊதாப் பூங்கொத்து வரத் தொடங்கியது. காய் பிடிக்குமுன் பனி கொட்டிவிட்டது. உரம் காணவில்லை என்று நினைத்து அடுத்த வருடம் இன்னும் எருப் போட்டேன். அதே கதை. காரணம் மண்ணில் இல்லை, பகலில் இருந்தது. நம்முடைய பழைய அவரை இனங்கள் பலவும் சிறகவரையும் பகல் குறுகினால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் எந்த மாதத்திலும் பகல் 13 மணித்தியாலத்தைத் தாண்டாது. ரொறன்ரோவில் யூன் நடுவில் அது 15 மணித்தியாலத்துக்கு மேல். செடி காத்திருந்ததில் பிழையில்லை. இப்போது நான் பயற்றை, தக்காளி, கத்தரி, வெண்டி, முளைக்கீரை, பூசணி இவற்றையே நம்புகிறேன். அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பாராமல் பூக்கும் இனமா என்று விதைப் பையில் பார்த்து வாங்குங்கள்.

பூத்தும் காய்க்காத கொடிக்குக் காரணம் வேறு. புடலும் பீர்க்கும் சாயந்தரத்துக்குப் பிறகுதான் விரியும். அந்த நேரம் இங்கே தேனீ இருக்காது. பிஞ்சு போன்ற ஒன்றை அடியில் தாங்கியிருப்பது பெண் பூ, வெறும் காம்போடு நிற்பது ஆண் பூ. ஆண் பூவைக் கிள்ளி, இதழை ஒதுக்கி, அதன் மஞ்சள் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். வேலையால் வந்து, சாப்பிட்டு, கையில் விளக்கோடு பந்தலின் கீழ் போய் நிற்பது எங்கள் வீட்டில் யூலை மாத வழக்கம். மூன்றாம் நாள் பிஞ்சு நீளத் தொடங்கினால் ஒட்டிவிட்டது. மஞ்சளாகிச் சுருங்கினால் ஒட்டவில்லை.

வீடு வாடகைக்கோ சொந்தமாகவோ எடுத்ததும் வளவில் என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். தெற்கு ஒன்ராறியோவில் கறுப்பு வால்நட் மரம் சாதாரணம். அதன் வேர் வெளிவிடும் நஞ்சு தக்காளி, கத்தரி, மிளகாயை வாட்டிவிடும். தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடுகிறதே என்று திகைப்பீர்கள். அந்த மரத்தடியில் வெங்காயம், சோளம், பீன்ஸ் தாங்கும்.

பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்; பலர் சந்தோசமாகவே விடுவார்கள். 20 லீற்றர் வாளியில் அடியில் ஓட்டை போட்டால் ஒரு கத்தரி அல்லது ஒரு தக்காளி தாராளமாக வளரும். அதைவிடச் சிறியதில் நட வேண்டாம். வாளித் தக்காளியின் அடி கறுத்து அழுங்கினால் அது தொற்று நோயில்லை. ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. தினமும் ஒரே அளவாகக் காலையில் ஊற்றினால் அடுத்த காய்கள் சரியாகிவிடும்.

நீங்கள் இறங்கியது வேறு நாடு என்றால் கணக்கும் வேறு. லண்டன் கோடையில் பகல் இன்னும் நீளம், சூடு குறைவு. வெண்டியையும் பாகலையும் வெளியில் வைத்து ஏமாற வேண்டாம். கண்ணாடிக் கூடம் இருந்தால் மட்டும் பாருங்கள். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பீன்ஸ், பூசணி, பீற்றூட் நன்றாக வரும். கோடை மழை ஈரத்தில் வெளித் தக்காளிக்குக் கருகல் நோய் வந்தால் சில நாட்களில் முழுச் செடியும் போய்விடும், ஆகவே முந்திக் காய்க்கும் சிறு தக்காளியே நல்லது. வளவு இல்லாதவர்கள் உள்ளூராட்சிச் சபையில் தோட்டத் துண்டுக்குப் பெயர் பதியுங்கள். 1908ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. காத்திருப்போர் பட்டியல் நீளம், அதனால் வந்த கிழமையே பதிவது புத்தி.

மெல்பேர்னில் எல்லாம் தலைகீழ். அங்கே தக்காளி நடும் நாள் என்று சொல்வது நவம்பர் முதல் செவ்வாய், மெல்பேர்ன் கப் குதிரைப் பந்தய நாள். வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழும். ஆகவே பாத்தியைச் சுவருக்கு வடக்கே போடுங்கள், தெற்கே போட்டால் நிழல்தான். 40 பாகை வடகாற்று வரும் நாளுக்கு நிழல் வலை தயாராக இருக்க வேண்டும். பழ மரத்துக்கு வலை போடுவதானால் கண் 5 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. வௌவாலும் பறவையும் சிக்கிச் சாகாமலிருக்க விக்டோரியா மாநிலம் 2021 செப்டெம்பரில் கொண்டுவந்த விதி அது.

வளைகுடாவில் இருப்பவர்களுக்குக் கோடை தோட்டக் காலமே அல்ல. இரவுகூடச் சூடாக இருக்கையில் தக்காளிப் பூ உதிர்ந்துவிடும். அங்கே ஒக்டோபரில் நட்டு ஏப்ரல் வரை பறியுங்கள். கோடையில் முருங்கையையும் கறிவேப்பிலையையும் நிழல் கொடுத்துக் காப்பாற்றினாலே போதும். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். அதை ஊற்றிவிட்டுப் பிறகு பாய்ச்சுங்கள்.

எந்த நாடானாலும் ஊரிலிருந்து விதையையோ தடியையோ பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவராதீர்கள், குறிப்பாக அவுஸ்திரேலியாவுக்கு. கறிவேப்பிலையில் வரும் ஒரு சிறு பூச்சி, எலுமிச்சை, தோடை மரங்களைக் கொல்லும் நோயைக் காவுகிறது. அதனால்தான் அந்தக் கன்றுக்கு இத்தனை கெடுபிடி. உள்ளூரில் வளர்ந்த கன்றை வாங்குங்கள்.

பழத்தில் ஆசையுள்ளவர்கள் கனடாவில் ஸ்ட்ரோபெரி, ராஸ்பெரியோடு தொடங்கலாம். அத்திக்கும் எலுமிச்சைக்கும் சாடி வேண்டும். ரொறன்ரோவின் இத்தாலியர் அத்தி மரத்தைக் குளிர்காலத்தில் வளைத்து மண்ணுக்குள் மூடிவைத்து வசந்தத்தில் நிமிர்த்துவார்கள். அப்படியொரு அயலவர் கிடைத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

செப்டெம்பரில் இரவு 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் கறிவேப்பிலைச் சாடி உள்ளே வரட்டும். வருமுன் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். ஹீற்றர் போட்ட வீட்டின் வறட்சியில் சிவப்புச் சிலந்திப்பேன் பெருகும். குளிர்காலத்தில் இலை கொட்டினால் பயப்பட்டுத் தண்ணீரை அதிகம் ஊற்ற வேண்டாம், பெரும்பாலான கன்றுகள் அதனால்தான் அழுகுகின்றன. ஒக்டோபரில் வானிலைச் செய்தி முதல் உறைபனி என்று சொல்லும் மாலையில் கூடையோடு இறங்கி, கையில் பட்டதெல்லாம் பறித்துவிடுங்கள். கத்தரிப் பிஞ்சு, பச்சை மிளகாய், கீரை எல்லாம். பச்சைத் தக்காளியில் பாதி அன்றைய கறிக்கு. மீதியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் நவம்பர் வரை ஒவ்வொன்றாகப் பழுக்கும்.