எடிட்டருக்கும் வேர்டுக்கும் இடையே ஒட்டும்போது எழுத்து கெடாமல் இருக்க

விழா மலருக்கோ சிற்றிதழுக்கோ பல பேர் எழுதி அனுப்பியதை ஒரே கோப்பில் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் வேர்டில் அனுப்புவார், ஒருவர் கூகுள் டாக்ஸ் இணைப்பு தருவார், இன்னொருவர் நோட்பேடில் அடித்ததை அப்படியே மின்னஞ்சலில் போடுவார், மூத்த எழுத்தாளர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அனுப்புவார், பாதிப் பேர் வாட்ஸ்அப்பிலேயே முழுக் கட்டுரையையும் அனுப்பிவிடுவார்கள். எல்லாவற்றையும் கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி என்று ஒட்டிக்கொண்டே போனால் பத்தாவது பக்கத்தில் ஆறு வகை எழுத்துரு, நான்கு வகை வரி இடைவெளி, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத சாம்பல் நிறப் பின்னணி. அதைச் சரிசெய்யப் போகிற நேரம் எழுதுவதற்கு ஆன நேரத்தைவிட அதிகம். ஒட்டுகிற அந்த ஒரு நொடியில் கவனமாக இருந்தால் இதில் பெரும்பகுதி வராது.

முதலில், நகலெடுக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேர்டில் ஒரு பத்தியை நகலெடுத்தால் கிளிப்போர்டுக்கு (நகலெடுத்தது ஒட்டும்வரை தங்கும் இடம்) போவது ஒரு பிரதி அல்ல. அதே பத்தி அலங்காரத்தையும் தாங்கும் ஆர்டிஎஃப் வடிவில் ஒன்று, ஹெச்டிஎம்எல் வடிவில் ஒன்று, வெறும் எழுத்தாக ஒன்று என்று பல பிரதிகள் ஒரே நேரத்தில் அங்கே போய் உட்கார்கின்றன. ஒட்டப்படுகிற மென்பொருள் தனக்குப் புரிகிறவற்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் அலங்காரம் அதிகம் உள்ளதைத்தான் எடுக்கும். வேர்டு தடித்த எழுத்து, நிறம், இடைவெளி எல்லாவற்றோடும் எடுத்துக்கொள்ளும். பழைய நோட்பேடு, நோட்பேடு++ மாதிரியான எடிட்டர்களுக்கு வெறும் எழுத்துதான் வேண்டும், மற்றவற்றைத் தொடாது. ஆக, எதைக் கொண்டுவருவது என்று முடிவாகிற இடம் ஒட்டும் இடம்தான், அந்த முடிவை மென்பொருளிடம் விடாமல் நீங்களே எடுக்கலாம்.

வெறும் எழுத்து மட்டும் போதும் என்றால் கூகுள் டாக்ஸில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி. இப்போதைய வேர்டிலும் அதே விசைகள் வேலை செய்கின்றன. பழைய வேர்டு என்றால் கன்ட்ரோல்+வி அழுத்தி ஒட்டிய உடனே கன்ட்ரோலை மட்டும் ஒரு தட்டு தட்டுங்கள், சின்னப் பெட்டி திறக்கும், டி அழுத்தினால் ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’. லிப்ரே ஆபிஸில் கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி. மேக்கில் கமாண்ட்+ஆப்ஷன்+ஷிஃப்ட்+வி, இது பல மென்பொருள்களில் சுற்றியுள்ள எழுத்தின் தோற்றத்துக்கு ஏற்ப ஒட்டும்.

ஆனால் எப்போதும் வெறும் எழுத்தாக ஒட்டு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டுரையாளர் யோசித்துச் சாய்வாக்கிய நூல் பெயரும் அழுத்தம் கொடுத்த சொல்லும் அதோடு சேர்ந்து போய்விடும், அதைத் திரும்பப் போடுகிற வேலை யாரும் செய்வதில்லை. இதற்கென்றே வேர்டில் ‘மெர்ஜ் ஃபார்மேட்டிங்’ இருக்கிறது, பலர் அதைத் தொட்டதே இல்லை. அது எழுத்துரு, அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் நீங்கள் ஒட்டும் பத்தியிடமிருந்து எடுத்துக்கொள்ளும்; ஆனால் ஒட்டிய பகுதிக்குள் அங்கங்கே மட்டும் தடித்தும் சாய்ந்தும் இருக்கும் சொற்களை அப்படியே காப்பாற்றும். தொகுப்பு வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று போனால் ‘கட், காப்பி அண்ட் பேஸ்ட்’ பகுதியில் ஒரே கோப்புக்குள் ஒட்டும்போது, வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போது, வேறு மென்பொருளிலிருந்து ஒட்டும்போது என்று தனித்தனியாகத் தேர்வுகள் இருக்கும். ஒரு தடவை உட்கார்ந்து இவற்றை அமைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், பத்திக் குறி. வேர்டில் பத்தியின் ஓரம், இடைவெளி, சீர்மை எல்லாம் அந்தப் பத்தியின் கடைசியில் இருக்கும் பத்திக் குறியில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் பத்தியின் அமைப்பு மொத்தமும் கூடவே வரும், அதை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் வராது. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்தினால் குறிகள் கண்ணுக்குத் தெரியும் (லிப்ரே ஆபிஸில் கன்ட்ரோல்+எஃப்10). ஏற்கெனவே ஒட்டிக் கெடுத்தாகிவிட்டது என்றால், வேர்டில் கன்ட்ரோல்+ஸ்பேஸ் எழுத்தின் அலங்காரத்தை நீக்கும், கன்ட்ரோல்+க்யூ பத்தியின் அலங்காரத்தை நீக்கும். லிப்ரே ஆபிஸில் இரண்டுக்கும் சேர்த்து கன்ட்ரோல்+எம்.

சரி, தமிழுக்கே உரிய தொல்லைக்கு வருவோம்.

பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு என்றால் மேலே சொன்னது அப்படியே தலைகீழ். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. இதை வெறும் எழுத்தாக ஒட்டினால் எழுத்துருத் தகவல் போய்விடும், கூடவே தமிழும் போய்விடும். மிஞ்சுவது ஆங்கில எழுத்துக் குவியல். அந்தக் குவியல் எந்த எழுத்துருவுக்கு உரியது என்பதைக் கோப்பைப் பார்த்தவுடன் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கான குறியாக்கம் (எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்தக் குறி என்ற கணக்கு) இன்னொன்றுக்குப் பொருந்தாது. இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்தவர்களிடமிருந்தும் வரும் பழைய கோப்புகளில் பாமினி அதிகம். தமிழ்நாட்டு அலுவலகங்களிலிருந்து வருவதில் வானவில் குடும்பமோ, 1999-இல் வந்த டாப், டாம் குறியாக்கங்களோ இருக்கலாம். எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் பழைய கோப்புகள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் மாதிரியான ஒரு மாற்றியில் போட்டால் யூனிகோடாகிவிடும். அங்கேயும் இரண்டு பொறி உண்டு. ஒன்று, இப்படி மாற்றும் பெட்டிகளில் பெரும்பாலானவை வெறும் எழுத்தைத்தான் வாங்கிக்கொள்ளும், அதனால் தடித்த, சாய்ந்த எழுத்துகள் தொலையும். மூலக் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு திரும்பப் போடுவதுதான் வழி. இன்னொன்று இதைவிட மோசம்: தமிழுக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துப் பொருளில்லாத தமிழாக்கிவிடும். அதனால் மாற்றுவதற்கு முன்பே வேர்டின் ‘அட்வான்ஸ்டு ஃபைண்ட்’டில் போய், தேட வேண்டிய சொல் எதுவும் அடிக்காமல், ‘ஃபார்மேட்’ வழியாக எழுத்துருவை மட்டும் குறிப்பிட்டு (உதாரணமாக டைம்ஸ் நியூ ரோமன்) தேடுங்கள். பாமினி அல்லாத சொற்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிடும். அவற்றைத் தனியாக எழுதிவைத்துக்கொண்டு, மாற்றிய பிறகு அந்தந்த இடத்தில் போடுங்கள்.

மாற்றியாகிவிட்டது, படிக்க நன்றாக இருக்கிறது, அப்புறம் என்ன என்று விட்டுவிட வேண்டாம். ஒகரம், ஓகாரம் வரும் எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ‘கொ’ என்பதைக் ககரமும் ஒற்றை ஒகரக் குறியுமாக எழுதலாம், அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக உடைத்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் நோட்பேடு++ போன்ற எடிட்டரில் ‘கொடு’ என்று அடித்துத் தேடினால் உடைந்த ‘கொடு’ அகப்படாது. சோதிப்பது எளிது: கண்ணுக்குத் தெரிகிற ஒரு ‘கொ’ சொல்லை நீங்களே விசைப்பலகையில் அடித்துத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் பிரச்சினை இருக்கிறது. கோப்பில் இருக்கும் அந்த எழுத்தையே நகலெடுத்துத் தேடும் பெட்டியில் போட்டு, நீங்கள் அடித்ததை மாற்றும் பெட்டியில் போட்டு மாற்றுங்கள். எல்லா உயிர்மெய்களுக்கும் செய்ய வேண்டும், சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் இணையத்தில் ஏற்றினால் அந்தச் சொல்லைத் தேடுகிறவர் கையில் கட்டுரை சிக்காமல் போகலாம். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்திருப்பதும் இதே மாதிரி கண்ணில் படாத பிழை, அதையும் ஒரு கை பார்த்துவிடுங்கள்.

எழுத்துருவை மாற்றினேன், ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் மாறவே மாட்டேன் என்கிறது என்று குழம்புகிறவர்கள் நிறைய. காரணம், வேர்டும் லிப்ரே ஆபிஸும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவையும் தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு வேறோர் எழுத்துருவையும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கின்றன. எழுத்தின் அளவும் தனித்தனிதான். லிப்ரே ஆபிஸில் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே மொழி அமைப்புகளில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’டை இயக்கிவிட்டு, ‘ஃபார்மேட்’, ‘கேரக்டர்’ போனால் தமிழுக்கான கட்டம் தனியாகத் தெரியும். வேர்டில் எழுத்துரு உரையாடல் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பகுதி. அதை ‘நார்மல்’ ஸ்டைலிலேயே ஒரு முறை அமைத்துவிட்டால் பிறகு ஒட்டுவதெல்லாம் ஒழுங்காக உட்காரும்.

எடிட்டரிலிருந்து வேர்டுக்கு வரும்போது வேறொரு தொல்லை உண்டு. வரிக்கு வரி எண்டர் தட்டி அடித்த கோப்பு என்றால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகிவிடும். கன்ட்ரோல்+ஹெச் திறந்து, ‘மோர்’, ‘ஸ்பெஷல்’ பட்டியலில் ‘பேராகிராஃப் மார்க்’கை எடுத்து, மூன்று படியாக மாற்றுங்கள்: அடுத்தடுத்து இரண்டு பத்திக் குறி வரும் இடங்களை முதலில் கோப்பில் எங்குமே இல்லாத ஒரு குறியாக (நான் ### போடுவேன்), பிறகு மிச்சமுள்ள ஒற்றைக் குறிகளை இடைவெளியாக, கடைசியாக ### எல்லாவற்றையும் ஒரு பத்திக் குறியாக. வரிசை மாறினால் கட்டுரை முழுக்க ஒரே பத்தியாகிவிடும். கவிதை இருக்கும் பகுதியை இதில் சேர்க்கவே கூடாது.

எதிர்த்திசையில், வேர்டிலிருந்து வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது குறியாக்கம் கேட்டு ஒரு பெட்டி வரும். அதில் ‘அதர் என்கோடிங்’ தேர்ந்தெடுத்து யூடிஎஃப்-8 (யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறை) கொடுங்கள். விண்டோஸ் இயல்பு அமைப்பில் விட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், பிறகு மீட்க முடியாது. முன்னோட்டத்தில் எழுத்து சிவப்பாகத் தெரிந்தால் அதுதான் எச்சரிக்கை. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேடு தானாகவே யூடிஎஃப்-8-இல் சேமிக்கிறது, அதற்கு முந்தைய கணினிகளில் ‘சேவ் அஸ்’ போய் மாற்ற வேண்டும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விஎஸ் கோடு என்ற நிரல் எடிட்டரில் இருண்ட திரையிலிருந்து நகலெடுத்தால் வேர்டில் கறுப்புப் பின்னணியோடு வந்து விழும். அமைப்புகளில் ‘காப்பி வித் சின்டாக்ஸ் ஹைலைட்டிங்’கை அணைத்துவிடுங்கள். வேர்டில் இருக்கும் நிரலை எடிட்டருக்கு எடுத்தால் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும், நிரல் ஓடாது.

வாட்ஸ்அப் கட்டுரைகளில் தடித்த சொற்கள் பெரும்பாலும் இருபுறமும் நட்சத்திரக் குறியோடு வந்து நிற்கும். வேர்டின் கன்ட்ரோல்+ஹெச் பெட்டியில் ‘யூஸ் வைல்ட்கார்ட்ஸ்’ குறியிட்டு, தேடும் இடத்தில் \*(*)\* என்றும் மாற்றும் இடத்தில் \1 என்றும் போட்டு, மாற்றும் பெட்டியில் இருக்கும்போதே கன்ட்ரோல்+பி அழுத்துங்கள். நட்சத்திரம் போய்ச் சொல் தடிக்கும். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றாதீர்கள், எங்காவது ஒற்றை நட்சத்திரம் துணையில்லாமல் இருந்தால் அடுத்த பத்திவரை தடித்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

எடிட்டரிலேயே எழுத விரும்புகிறவர், தலைப்பும் சாய்வும் அடிக்குறிப்பும் வேர்டுக்குப் போக வேண்டும் என்றால், ஒட்டுவதையே விட்டுவிட்டு, அலங்காரத்தைச் சில குறிகளாலேயே காட்டும் மார்க்டவுன் முறையில் எழுதலாம். தலைப்புக்கு முன்னால் #, சாய்வுக்கு ஒற்றை நட்சத்திரம், தடிப்புக்கு இரட்டை (வாட்ஸ்அப்பில் ஒற்றை நட்சத்திரமே தடிப்பு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்). கூகுள் டாக்ஸில் ‘டூல்ஸ்’, ‘பிரிஃபரன்சஸ்’ போய் மார்க்டவுனை இயக்கினால், வலது சொடுக்கில் ‘பேஸ்ட் ஃப்ரம் மார்க்டவுன்’ வரும், நகலெடுக்கும்போதும் மார்க்டவுனாகவே எடுக்கலாம். நீண்ட வேலைக்கு பேன்டாக். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். மார்க்டவுனை வேர்டு கோப்பாகவும் வேர்டு கோப்பை மார்க்டவுனாகவும் மாற்றும், அடிக்குறிப்புகளைத் தொலைக்காது. உங்கள் மலருக்கான எழுத்துரு, அளவு, ஓரம் எல்லாம் அமைத்த ஒரு மாதிரி வேர்டு கோப்பை ‘ரெஃபரன்ஸ் டாக்’ என்று அதற்குக் கொடுத்துவிட்டால், எத்தனை பேர் எழுதி அனுப்பினாலும் அத்தனையும் அதே ஸ்டைல்களை ஏற்றுக்கொண்டு வெளியே வரும்.