ஸ்வகோப்முண்டில் சைக்கிள் சுற்றுலா: பாலைவனம்தானே என்று போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்

நமீபியாவின் ஸ்வகோப்முண்டுக்குக் கிளம்புகிறவர்கள் பாலைவனம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அரைக்கைச் சட்டையும் தொப்பியுமாகப் போய் இறங்குவார்கள். காலையில் பார்த்தால் ஊரே மூடுபனிக்குள் கிடக்கும், சைக்கிள் சீட் நனைந்திருக்கும், வழிகாட்டி மட்டும் விவரமாக ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்பார். கரையை ஒட்டி ஓடும் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம்தான் காரணம்: அதன்மேல் வரும் காற்று குளிர்ந்து பனியாகிவிடுகிறது, மழை மேகமாக மேலே எழும்புவதில்லை. வருஷத்துக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது, ஆனாலும் சட்டை ஈரமாகும். அதனால் ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை வேண்டும். பனிதானே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிட்டுப் போவது அடுத்த தவறு, மதியத்துக்குள் மூக்கு உரிந்துவிடும்.

ஊரைச் சுற்றியுள்ள சில சாலைகள் தார் மாதிரி தெரிந்தாலும் தார் அல்ல, ஜிப்சமும் உப்புநீரும் சேர்த்து இறுக்கியவை. பனி படிந்தால் வழுக்கும், வளைவில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். வண்டிகள் இடதுபுறம்தான் ஓடுகின்றன, நம்மூர்க்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, கலங்கரை விளக்கம், வூர்மன் ஹவுஸ், இப்போது ஹோட்டலாகிவிட்ட 1901-ஆம் ஆண்டு ரயில் நிலையம் என்று ஜெர்மன் கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டு "அழகான ஊர்" என்று திரும்புவதுதான். 1892-இல் ஜெர்மானியர்கள் தங்கள் காலனிக்குத் துறைமுகமாக ஆரம்பித்த ஊர் இது. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்த காலத்தில் இங்கேயும் ஒரு சிறை முகாம் இருந்தது. அதில் இறந்தவர்களின் புதைகுழிகள் ஊர் ஓரத்தில், ஜெர்மானியர்களின் ஒழுங்கான கல்லறைகளுக்குப் பக்கத்திலேயே, பெயரில்லாத சின்னச் சின்ன மணல் மேடுகளாகக் கிடக்கின்றன. வெறும் மணல் என்று நினைத்து அதன்மேல் சைக்கிளை ஏற்றிவிடாதீர்கள்.

அப்புறம் மொண்டேசா. ஜெர்மானியர்களுக்குப் பின் வந்த தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியில் கறுப்பினத் தொழிலாளர்களை ஒதுக்கிக் குடியமர்த்திய பகுதி இது, ஓவாம்போ, டமாரா, ஹெரேரோ என்று இனவாரியாகப் பிரித்தே வீடு கொடுத்தார்கள். அங்கே நுழைந்ததும் கேமராவை எடுப்பதும், ஓடிவரும் குழந்தைகளுக்கு மிட்டாய் நீட்டுவதும் வேண்டாம். நம் தெருவில் யாரோ வந்து கேட்காமல் அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? வழிகாட்டி டமாரா மொழியின் நாக்குச் சொடுக்கு ஒலிகளைச் சொல்லித்தந்தால் வெட்கப்படாமல் முயன்று பாருங்கள், தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள், மகாங்கு என்கிற கம்பு மாவுக் களியும் மொபானே புழு வறுவலும் தட்டில் வரலாம். களி நமக்குப் புதிதல்ல, புழு உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

பணம் கட்டும் முன்பே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்: வழிகாட்டி மொண்டேசாக்காரரா, கூட்டத்தில் எத்தனை பேர், நாம் போய் உட்காரும் வீட்டுக்காரர்களுக்கு அதில் பங்கு உண்டா. பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஊருக்கு வெளியே சரளைச் சமவெளிக்குப் போனால் வழியை விட்டு இறங்கவே கூடாது. காய்ந்த கறை மாதிரி தரையில் ஒட்டியிருப்பது பனியைக் குடித்தே வாழும் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்), அதன்மேல் பதியும் டயர் தடம் பல பத்தாண்டுகளுக்கு அப்படியே கிடக்கும். பிற்பகலில் தென்மேற்குக் காற்று பிடித்துவிடும், அதனால் கரையோரமாகப் போவதானால் முதலில் தெற்கே மிதியுங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.