புதிய கட்டளைக்குத் தனிக் கோப்பு போதும்

கட்டளைவரிச் செயலி (தட்டச்சிட்டு இயக்கும் செயலி) எழுதும்போது, அதன் பெயருக்கு அடுத்துத் தட்டச்சிடும் துணைக்கட்டளை ஒவ்வொன்றையும் மூல நிரலுக்குள் திணிக்காமல், "ஆலை-அறிக்கை" என்பதுபோலச் செயலியின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட தனி இயக்கக் கோப்பாக வைத்து, பாத் (PATH) என்னும் கணினியின் சூழல் மாறியில் குறித்துள்ள கோப்புறைகளில் அதைத் தேடி இயக்கும்படி செய்யுங்கள். நிரலின் பதிப்புகளைப் பேணும் கிட் (Git) செயலியும் இவ்வாறே, "கிட்-கணக்கு" என்ற கோப்பு அக்கோப்புறைகளில் இருக்க, அதற்கு இயக்க அனுமதியும் இருந்தால், "கிட் கணக்கு" என்று தட்டச்சிட்டதும் அதனை ஓட்டுகிறது.

முதன்மைச் செயலி பெயரைக் கொண்டு கோப்பைக் கண்டுபிடித்து, கட்டளையில் எஞ்சிய சொற்களை அளவுருக்களாக அதனிடம் ஒப்படைப்பதோடு நின்றுவிடுகிறது. ஆகையால் அம்பாறையில் ஓர் அரிசி ஆலை நெல்லின் ஈரப்பத அறிக்கையைப் புதிதாகக் கேட்டாலும், மட்டக்களப்பு ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பைத் தொடாமல், ஒரு பைத்தன் கோப்பை மட்டும் அனுப்பிவிடலாம். (ரஸ்ட் நிரல்மொழியின் கட்டமைப்புக் கருவியான கார்கோ, துணைக்கட்டளையின் பெயரையும் முதல் அளவுருவாகச் சேர்த்தே தரும்; அதைக் கவனியாவிட்டால் அளவுருக்கள் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும்.)

உள்ளமைந்த கட்டளையின் பெயரையே உங்கள் கோப்புக்கு இட்டால் கிட் அதைப் பொருட்படுத்தாது. கட்டளைகள் நினைவகத்திலுள்ள தரவையோ திறந்திருக்கும் தரவுத்தள இணைப்பையோ பகிர வேண்டியிருப்பின், ஒவ்வொன்றும் தனிச் செயல்முறையாக ஓடுவதால் இம்முறை பொருந்தாது. பிறர் தம் கோப்பை இடக்கூடிய கோப்புறை பாத்தில் இருக்கும் கணினியிலும் இதைத் தவிர்க்கவும்.