வீட்டுப் பத்திரங்களை வைத்து 19-ஆம் நூற்றாண்டு முன்னோரைத் தேடுவது எப்படி?

கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தப் பக்கம் போனால் பல குடும்பங்களில் ஒரு பெயர்தான் மிஞ்சியிருக்கும். அந்தப் பெயரோடு தகப்பன் பெயர், ஊர், காலம் மூன்றையும் சேர்த்துக் கட்டிவிட்டால் ஒரு வாழ்க்கையே மீண்டு வரும்.

1. பெரியவர்களிடம் கேளுங்கள்

"எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்டால் பதில் வராது. "தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னா, பின்னா?" என்று கேளுங்கள். "அப்போ கைக்குழந்தையாம்" என்று அத்தைப்பாட்டி சொன்னால், பஞ்சம் தொடங்கிய 1876-ஐ ஒட்டிப் பிறந்தவர். அவருக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இருந்தால் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று குறித்துக்கொள்ளுங்கள். இது பிறகு உதவும்.

2. மூலப்பத்திரத்தைப் படம் எடுங்கள்

மடிப்பு விறைத்திருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், பின்பக்கம், முத்திரை உட்பட எடுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

3. பொறுமையாகப் படியுங்கள்

புதியவர்கள் திணறுவது இங்கேதான். பல பத்திரங்களில் புள்ளி இருக்காது. குறில் நெடிலை இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். குறியீடுகளில் ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. ௲௮௱௭௰௬ என்றிருந்தால் 1876. "தாது ௵ தை ௴ ௰௨ ௳" என்பது தாது வருஷம் தை 12.

தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், 1876-இல் பிறந்த தாது வருஷத்தின் தை மாதம் 1877 ஜனவரி-பிப்ரவரியில் வரும். வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதையும் மறக்காதீர்கள். 1816-உம் தாதுதான், 1936-உம் தாதுதான்.

4. பெயரை மட்டும் நம்பாதீர்கள்

பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். அதனால் இரண்டு பேரை ஒருவராக எண்ணிவிடுவது ரொம்ப சுலபம். "இன்னார் குமாரர் இன்னார்" என்ற வரியை ஒவ்வொரு பத்திரத்திலும் ஒப்பிடுங்கள். அப்புறம் நான்கெல்லையைப் பாருங்கள். "இன்னார் நிலத்துக்கு வடக்கு" என்று வரும் பெயர்களில் பங்காளிகள் ஒளிந்திருப்பார்கள். சாட்சிக் கையெழுத்துகளில் மாமன், மச்சான் கிடைக்கலாம். குடும்ப மரத்தின் பாதிக் கிளைகளை இந்த இரண்டு இடங்களிலிருந்தே வரைந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

5. இறந்த ஆண்டை நெருக்குங்கள்

அவர் கடைசியாகக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த பத்திரம் ஒன்று. பிள்ளைகள் மட்டும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் இன்னொன்று. பிரிவினை அவர் காலத்துக்குப் பிறகுதான் நடந்தது என்று அதிலேயே தெரிந்தால், இறப்பு இவ்விரண்டுக்கும் நடுவே. இடைவெளி ஓரிரு வருஷமாகச் சுருங்கினால், குறித்துவைத்த திதியைப் பழைய பஞ்சாங்கத்தோடு பொருத்தி நாளையே நெருங்கிவிடலாம்.

6. இனி வெளியே போகலாம்

பதிவான பத்திரம் என்றால் ஆவண எண்ணையும் ஆண்டையும் சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் உண்டு. ஊர் நிலக் கணக்குக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

"கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை" என்ற பேச்சு இருந்தால் அதையும் விடாதீர்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேடுகளில் தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா, உடல் அடையாளம்வரை எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. ஆங்கில எழுத்தில் பெயர்கள் சிதைந்திருக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பிடிபடாவிட்டால் ஊர்ப்பெயரை வைத்துத் தேடுங்கள்.